கையை உள்ளே எடு, கண்ணு

கிட்ட வாருங்கள், என் கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரம் யாரும் உட்கார வேண்டாம், அங்கே குளிர் அடிக்கும். கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு கதை தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் கதை என்றால் வாய்க்கு வந்ததைக் கூட்டிச் சொல்லலாம். இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. இது நடந்தது. போன கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை, கொடைக்கானல் ஏரியில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த ஞானம்மாவே என் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஞானம்மாவுக்கு அறுபது வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்தேழு வருடம் ஆயாவாக இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை துவட்டுவதும், ஷூ லேஸ் கட்டுவதும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொள்வதும் அவள்தான். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போவாள். பிள்ளைகள் போட்டில் சுற்றுவார்கள். அவள் துறையிலேயே நின்று, "கைய உள்ள எடு, கண்ணு! தண்ணிக்குள்ள விடாத!" என்று கத்திக்கொண்டிருப்பாள். அத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் போட்டில் ஏறியதில்லை. ஆயாவுக்கு யார் டிக்கெட் எடுப்பார்கள்?

திரும்பும்போது அவள் பிள்ளைகளை எண்ணுகிற விதம் தனி. தண்ணீருக்கு முதுகைக் காட்டி நிற்பாள். வலது கையைப் பக்கவாட்டில் தாழ நீட்டிக்கொள்வாள். "வாங்க வாங்க, ஒருத்தரும் இங்க நிக்கக் கூடாது" என்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தக் கைக்கு அடியில் நுழைந்து போகவேண்டும். கண்ணால் எண்ணினால், ஓடுகிற பிள்ளை இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும். கையில் பட்ட தலை தப்பாது. இது அவளாகக் கண்டுபிடித்த வழி.

ஊரார் பிள்ளைகளை அப்படி எண்ணியவள், தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியவில்லை. புருஷன் செத்தபின் மகள் ஆனந்தியைப் பூண்டியில் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். விடுதி ஆயா விடுதியிலேயே படுக்கவேண்டும், வேறு வழியில்லை. மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பாள். அந்த வீட்டுப் பெரியவர்கள் பூண்டுக்காட்டு வேலையில் இருப்பார்கள். ஆனந்தி மட்டும் ரோட்டோரம் நின்று காத்திருப்பாள். ஆனால் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும், அந்தப் பெண் ஒரு கணம் பார்ப்பாள்... வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். கெஞ்சினாலும் திறக்கமாட்டாள். ஏன் என்று ஞானம்மாவுக்கு அப்போதெல்லாம் புரியவில்லை. விட்டுப்போன கோபம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனந்தி வளர்ந்தாள், திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டாள். கல்யாணத்திலும் அம்மாவின் முகம் பார்த்து நாலு வார்த்தை பேசவில்லை.

ஞானம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்றது அந்தக் கார்த்திகைக்கு முந்தின மே மாதம். கொடைக்கானலிலேயே நாயுடுபுரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கினாள். பேச ஆளில்லை. அப்படி ஆறு மாதம் போனபின் ஒரு நாள் போன் அடித்தது. ஆனந்தி.

"அம்மா, பாப்பாவுக்கு வியாழக்கெழம முப்பது. தொட்டில் போடுறோம். நீ வந்து பிள்ளயக் குளிப்பாட்டணும். வருவியா?"

பேத்தி பிறந்ததையே ஊரார் சொல்லிக் கேட்டவள் அவள். "வாறேன்டி, கண்ணு. வாறேன்" என்று சொல்லிவிட்டு அன்று முழுதும் அழுதாள்.

புதன்கிழமை காலை பஸ் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள்தான் அந்தச் செவ்வாய். ஒரு நாளாவது டூரிஸ்டைப் போல இருந்து பார்ப்போமே என்று அவளுக்குத் தோன்றியது. போன பிறகு எப்போது வருவோமோ, யார் கண்டது?

காலை பதினொன்றுக்கு ஏரிக்கரையில் இருந்தாள். சீசன் இல்லாத நாள். குதிரைக்காரர்கள் வெயிலில் குந்தியிருந்தார்கள். வாடகை சைக்கிள்கள் வரிசையாகக் கிடந்தன. அவசரமில்லாமல் நடந்தாள். பேத்திக்கு இளஞ்சிவப்பில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கினாள். அந்தக் கடைக்காரி சோலையம்மாளுக்கு இவளை நன்றாகத் தெரியும்.

"என்ன ஆயா, கையில பட்டாளத்தக் காணோம்?"

"இன்னைக்கு ஆயாவுக்கு லீவுடி."

"லீவா! அப்ப ஒரு நல்ல சீலையாக் கட்டிட்டு வரக்கூடாது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுட்ட சோளம் தின்றாள். சோளத்தை இரண்டாக முறிப்பது அவள் பழக்கம். எப்போதும் பக்கத்தில் ஒரு பிள்ளை இருக்குமே! அன்றும் கை தானாக முறித்துவிட்டது. பாதியைக் காகிதத்தின் மேல் பெஞ்சிலேயே வைத்தாள். தோகையைக் குப்பைத் தொட்டியில் போட எழுந்தாள். பத்தடிதான். திரும்பி வந்து பார்த்தாள்.

அந்தப் பாதியில் ஒரு வரிசை முத்து இல்லை.

குரங்கு என்று நினைத்தாள். ஆனால் குரங்கு மொத்தமாகத் தூக்கிக்கொண்டு ஓடும். ஒரு வரிசை மட்டும் கடித்துவிட்டு, காகிதத்தின் மேல் திரும்ப வைத்துப் போகாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நடந்தாள்.

மணி நான்கு பத்து. படகுத்துறையில் டிக்கெட் எடுத்தாள். போட்டுக்காரர் கதிர்வேல். அவருக்கும் இவள் பழக்கம்தான்.

"வாங்க ஆயாம்மா! எத்தன வருசமாக் கரையில நின்னே கத்துனீங்க. இன்னைக்கு நாந்தான் உங்களப் பாத்துக் கத்தணும்."

சொல்லிக்கொண்டே இரண்டு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து நீட்டினார். ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

"எனக்கு ஒன்னு போதும்ப்பா."

"ரூல்ஸ்ங்க ஆயாம்மா. செக்கிங் வந்தா என்னயத்தான் வைவாங்க."

என்ன ரூல்ஸோ என்று சின்னதை வாங்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். போட் புறப்பட்டது.

துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டி, நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். முன்னால் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நமக்குப் பக்கத்திலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செல்லங்களா.

நல்ல வெயில் சாய்ந்த நேரம். சளக்... சளக்... துடுப்புச் சத்தம். கரையில் பைன் மரங்களின் நிழல் தண்ணீரில் நீளமாகக் கிடந்தது. ஞானம்மாவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இவ்வளவு சுகமா இது? இதற்காகவா பிள்ளைகள் அப்படிக் கூச்சல் போட்டார்கள்? கதிர்வேல் ஏதேதோ சொல்லிச் சிரிக்க வைத்தார். ஹனிமூனுக்கு வந்த மாப்பிள்ளை தண்ணீரைக் கண்டு அழுத கதை. அவளும் பேத்தியைப் பற்றிச் சொன்னாள். நாளைக்குக் காலை பஸ் என்றாள்.

நான்கு முப்பத்தைந்து. பனி இறங்கியது.

கொடைக்கானல் பனி எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் எதிர்க்கரை போனது. பிறகு மரங்கள். பிறகு மற்ற போட்டுகள். கடைசியில் இவர்கள் போட்டைச் சுற்றி ஒரு பாய் அகலத் தண்ணீர்தான் மிச்சம்.

கதிர்வேல் துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்.

"ஆயாம்மா, கொஞ்சம் நடுவுக்குத் தள்ளி உக்காரச் சொல்லுங்க. போட்டு எடது பக்கம் சாயுது."

"யாரப்பா?"

அவர் இவள் முகத்தைப் பார்த்தார். இவளுக்குப் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். மறுபடி இவள் முகத்தை.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"ஒன்னுமில்லங்க" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் நிமிரவே இல்லை.

துடுப்பு மட்டும் வேகமானது.

சளக்... சளக்... சளக்...

அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம். ஞானம்மா காதைத் தீட்டினாள்.

களுக்... களுக்...

இடது பக்கம். போட்டை ஒட்டி. அவள் எட்டிப் பார்த்தாள்.

தண்ணீரில் நான்கு கோடுகள். மெல்லிய கோடுகள். போட்டோடு கூடவே வந்தன. யாரோ சின்ன விரல்களைத் தண்ணீரில் விட்டபடி வருவதைப் போல...

விரல் இல்லை. கோடுகள் மட்டும்.

இந்த இடத்தில் நீங்களோ நானோ அலறியிருப்போம். ஞானம்மா அலறவில்லை. இருபத்தேழு வருடப் பழக்கம் அவள் நாக்கில் உட்கார்ந்திருந்தது. யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"கைய உள்ள எடு, கண்ணு!"

கோடுகள் நின்றன.

தண்ணீர் மூடிக்கொண்டது.

பக்கத்து இருக்கையில்... டப். டப். சொட்டு விழும் சத்தம். சின்ன ஜாக்கெட்டின் மேல் ஈரம் பரவியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே கதிர்வேலின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ சாமி பேர்.

நான்கு ஐம்பத்திரண்டுக்குத் துறை தெரிந்தது. கதிர்வேல் போட்டைக் கட்டினார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. இவளுக்குக் கை கொடுத்து இறக்கிவிட்டார். கை கொடுத்தவர் முகம் வேறு பக்கம் இருந்தது.

"வெரசா வீட்டுக்குப் போங்க ஆயாம்மா. திரும்பிப் பாக்காதீங்க."

அவள் துறைப் பலகையில் நான்கு அடி வைத்தாள். அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது.

தண்ணீருக்கு முதுகு. துறை விளிம்பு. மாலை நேரம். இதே இடத்தில், இதே நேரத்தில், எத்தனை சனிக்கிழமைகள்! அவள் கை தானாகப் பக்கவாட்டில் தாழ நீண்டது. வாய் தானாகச் சொன்னது.

"வாங்க வாங்க, ஒருத்தரும் இங்க நிக்கக் கூடாது."

சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளுமுன்...

உள்ளங்கையில் ஒரு தலை பட்டது.

சின்னத் தலை. நனைந்திருந்தது. மொட்டையடித்து ஒரு மாதம் ஆனது போலக் குட்டை முடி. சொரசொரவென்று.

அது அவள் கைக்கு அடியில் நுழைந்தது. முன்னால் போனது.

ஒன்று.

ஞானம்மா ஓடவில்லை. ஆயா ஓடினால் பிள்ளைகளும் ஓடும். ஓடினால் விழும். அந்தப் பழக்கமும் விடவில்லை. நடந்தாள். ஏரி ரோடு. மேட்டுப் பாதை. பனி. அவள் நின்றால் எல்லாச் சத்தமும் நின்றது. அவள் நடந்தால்... ஓர் எட்டு தள்ளி, ஈரக் கால்.

ஐந்து நாற்பதுக்கு அறைக்குப் போனாள். அந்த இரவைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காலை ஏழு பத்து பஸ். ஏரியில் வந்தது ஏரியோடு போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏறினாள். முகத்தில் வெயில் பட்டது. மடியில் கம்பளித் தொப்பி. பக்கத்து இருக்கை காலி. பஸ் நிறைய ஆள் நின்றுகொண்டு வந்தார்கள். ஆனாலும் அந்த இருக்கையில் யாரும் உட்காரவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கண்டக்டர் வந்தார்.

"எங்கம்மா?"

"திண்டுக்கல்லு ஒன்னு."

"ஒன்னரைம்மா."

"நான் மட்டும்தான்ப்பா."

"என்னம்மா காலங்காத்தால! பாப்பாவுக்கு அஞ்சு வயசு தாண்டிருச்சு, பாத்தாலே தெரியுது. பழனிக்கு மொட்டை போட்டுட்டா வயசு கொறஞ்சிருமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓர் அம்மாள் குனிந்து, அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக் கொஞ்சலாகக் கண்ணைச் சிமிட்டினாள்.

ஞானம்மா மடியில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். திண்டுக்கல்லில் இருபத்தொன்பது நாள் பிள்ளை. பச்சை உடம்பு. பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் காலைக் கழுவி, நெருப்பில் கையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று வளர்ந்தவள் அவள். காலில் ஒட்டிய தூசியைக் கழுவலாம். இதை எதைக் கொண்டு கழுவுவது?

"எறக்கி விட்டுரு, ராசா" என்றாள்.

பெருமாள்மலை. ஏழு ஐம்பத்திரண்டு. பஸ் அவளை இறக்கிவிட்டுப் போனது. ரோட்டோரம் நின்று மகளுக்குப் போன் போட்டாள்.

"ஆனந்தி... நான் வர ஏலாது."

"தெரியும். உனக்கு எப்பவும் வேற சோலிதான் பெருசு."

"அதில்லடி. என் கூட... என் கூட ஒன்னு வருது. பச்சப் பிள்ள இருக்கிற வீடு. அதான் கண்ணு, அதான்..."

தூரத்தில் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஆனந்தியின் குரல், ரொம்பத் தணிவாக.

"மொட்டத் தலையா?"

ஞானம்மா தலையைப் பற்றிச் சொல்லவே இல்லை.

"உனக்கு... யாரு சொன்னா?"

"யாரும்மா சொல்லணும்? பூண்டிக்கு வாறப்பெல்லாம் நீதான கூட்டிட்டு வருவ. பஸ்ஸ விட்டு எறங்குறப்பவே ஒன் வெரலப் பிடிச்சிருக்கும். யாரும்மா அதுன்னு கேட்டா, யாருமில்லயேன்னு சொல்லுவ. எனக்கு ஆறு வயசும்மா. அதுக்கும் ஆறுதான் இருக்கும். பெத்த பிள்ளைய விட்டுட்டு யாரு பிள்ளையோ கூட்டிட்டுத் திரியிறாளேன்னுதான் நான் கதவச் சாத்துவேன்."

ஆனந்தி நிறுத்தவில்லை.

"எனக்குப் பத்து வயசு ஆச்சு. பதினஞ்சு ஆச்சு. அது அப்பிடியே இருந்துச்சு. அந்த முடிகூட வளரல. அப்பறந்தான் எனக்குப் பயம் வந்துச்சு. என் கல்யாணத்தன்னைக்கும் ஒன் பக்கத்துலதான் நின்னுச்சும்மா. அதான் நான் கிட்ட வரல. நீ பள்ளிக்கூடத்த விட்டுட்டியே, அதோட அது போயிருக்கும்னு நெனச்சேன். அதான் கூப்பிட்டேன்."

"கண்ணு..."

"இப்பவும் நிக்குதாம்மா?"

ஞானம்மா மெல்லக் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். அங்கே என்ன பார்த்தாள் என்று நானும் கேட்டேன், கண்மணிகளே. அவள் சொல்லவில்லை. போனில் அவள், "ம்" என்றாள். அவ்வளவுதான்.

ஆனந்தி அழுதாள். விம்மி விம்மி, ஆறு வயதுப் பிள்ளையைப் போல அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"வராதம்மா."

போன் நின்றது. மணி எட்டு நான்கு.

அதன்பிறகு ஞானம்மா விசாரிக்காத இடமில்லை. பள்ளியில் பழைய ஆட்களைக் கேட்டாள். அப்படி ஒரு பிள்ளை படித்ததும் இல்லை, போனதும் இல்லை என்றார்கள். கதிர்வேலைத் தேடிப் போனாள். அவர் போட்டுத் தொழிலையே விட்டுவிட்டு மகன் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். யாருடைய பிள்ளை, எங்கே சேர்ந்துகொண்டது, எப்போது சேர்ந்துகொண்டது, ஒருவருக்கும் தெரியாது. முப்பது நாற்பது பிள்ளைகளில் ஒரு தலை குறைந்தால் பதறித் தேடுவார்கள், ஒரு தலை கூடியிருந்தால் யார் தேடுவார்கள்?

பேத்திக்கு இப்போது ஏழு மாதம். உட்காருகிறாளாம். ஆனந்தி மாதா மாதம் போட்டோ அனுப்புகிறாள். ஞானம்மா இன்னும் பிள்ளையைத் தொடவில்லை. நாயுடுபுரத்தில் அதே அறையில்தான் இருக்கிறாள். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் அவளிடம், "இப்படித் தனியாக் கெடந்து எப்படித்தான் பொழுதைத் தள்ளுற?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சு நெனச்சு இத்தன வருசம் அழுதேன்க்கா. பாத்தா... ஒரு நாளும் நான் தனியா இருந்ததே இல்லியே."

போய் வாருங்கள், என் செல்லங்களே. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்கள் வீட்டுத் தொட்டில் ஆடி ஆடிக் கயிறு தேயட்டும். தாயும் பிள்ளையும் ஒரு கூரைக்குக் கீழே கண்ணுறங்கட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் உங்களுக்கு முகம் தெரிந்தவர்களாகவே இருக்கட்டும்.